கரு பதியும் நாட்களில் முதனிக் கருவின் ஹார்மோன் சுரப்பை அளவிடுதல்: முழுமையான வழிகாட்டி

இவ்வழிகாட்டி ஒரே ஒரு வேலையைப் பற்றியது. வளர்ப்புத் தட்டில் இருக்கும் மனிதக் கருவோ குரங்குக் கருவோ, கருப்பைச் சுவரில் பதிய வேண்டிய பருவத்தை எட்டும் நாட்களில், கோரியானிக் கொனடோட்ரோபினை எப்போது சுரக்கத் தொடங்குகிறது, நாள்தோறும் எவ்வளவு சுரக்கிறது என்பதை அது வளரும் ஊட்டக் கரைசலான ஊடகத்திலிருந்து அளப்பதே அந்த வேலை. இனி இந்த ஹார்மோனைச் சுருக்கமாக சி.ஜி. என்றும், மனிதருடையதை மட்டும் குறிக்கும்போது ஹெச்.சி.ஜி. என்றும் எழுதுகிறேன்.

புதிதாக வருவோர் கருவைக் கையாளும் நுணுக்கத்தை நினைத்தே அதிகம் அஞ்சுகிறார்கள். நான் பார்த்தவரையில் வீணான சோதனைகளில் பெரும்பாலானவை முதல் கரு தட்டில் இறங்குவதற்கு முன்பே வீணாகிவிட்டவை: இனத்துக்குப் பொருந்தாத எதிர்ப்பொருள் (ஹார்மோனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம்), வெற்று ஊடகத்தையே அளந்து பார்க்காத அவசரம், நாளை எங்கிருந்து எண்ணுவது என்று எழுதி வைக்காத குறிப்பேடு. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். கரு ஆறாவது படியில்தான் வருகிறது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கருமுட்டை வெளிவந்தபின் சூலகத்தில் உருவாகும் சுரப்பியே கார்பஸ் லூட்டியம். சி.ஜி. அதன் செல்களில், பிட்யூட்டரி சுரப்பியின் எல்.ஹெச். ஹார்மோனுக்கென உள்ள ஏற்பியோடு இணைந்து, அது தேய்ந்து மறைந்துவிடாமல் காத்து, கருப்பையின் உட்சுவரைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் சுரப்பைத் தொடரச் செய்கிறது. இச்சைகை வந்து சேராவிட்டால் கார்பஸ் லூட்டியம் சுமார் இரண்டு வாரங்களில் செயலிழந்து, கருப்பையின் உட்சுவர் உதிர்ந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ‘கரு சி.ஜி. சைகையைத் தொடங்குகிறது’ என்ற சொற்றொடருக்குள் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

முதலாவது, மரபணு படியெடுக்கப்படுவது. சி.ஜி. ஆல்ஃபா, பீட்டா என்ற இரு துணையலகுகளால் ஆனது. மனிதக் கருவில் பீட்டா துணையலகின் தூது ஆர்.என்.ஏ. எட்டுசெல் நிலையிலேயே கண்டறியப்பட்டுள்ளது. இரண்டாவது, ஹார்மோன் செல்லுக்கு வெளியே வந்து ஊடகத்தில் தென்படுவது. வளர்ப்பில் உள்ள மனிதக் கருவில் இது ஏறத்தாழ ஏழாம் எட்டாம் நாட்களில் நிகழ்கிறது. மூன்றாவது, தாயின் இரத்தத்தை அடைவது. நான்காவது, சிறுநீரில் வெளிப்படுவது. இயற்கையான கருத்தரிப்புகளில் கருமுட்டை வெளிப்பட்ட 8 முதல் 10 நாட்களுக்குள் பெரும்பாலான பெண்களின் சிறுநீரில் ஹெச்.சி.ஜி. முதன்முதலாகத் தென்படுகிறது என்பது 1999இல் வெளியான ஆய்விலிருந்து நன்கு அறியப்பட்டது.

இந்த நான்கையும் ஒரே அட்டவணையில் ஒப்பிட்டுவிட்டு, தன் கருக்கள் ‘தாமதமாக’ச் சுரக்கின்றன என்று வருந்திய மாணவர் ஒருவரை நான் அறிவேன். அவர் தன் ஊடக அளவுகளைப் பிறருடைய ஆர்.என்.ஏ. தரவோடு ஒப்பிட்டிருந்தார். எனவே முதலில், ‘தட்டில் உள்ள கருவின் ஊடகத்தில், கருவுற்ற எத்தனையாவது நாளில், எந்த வடிவ சி.ஜி. கண்டறியும் எல்லையைத் தாண்டுகிறது’ என்பது போன்ற ஒரே வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லா முடிவுகளும் அதிலிருந்தே பிறக்கும்.

2. இனத்துக்கு ஏற்ற அளவீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்

சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான். ஏனெனில் சி.ஜி. எல்லாப் பாலூட்டிகளிலும் இருக்கும் ஹார்மோன் அன்று. அதன் பீட்டா துணையலகுக்கான மரபணு, எல்.ஹெச். ஹார்மோனின் பீட்டா மரபணு இரட்டித்ததால், குரங்குகளும் மனிதரும் அடங்கிய கிளையில் தோன்றியது. எலிக்கு அது இல்லை. லெமூர்களுக்கும் டார்சியருக்கும் இல்லை. குதிரையின் கரு சார்ந்த கொனடோட்ரோபின் தனியாகத் தோன்றிய வேறொன்று.

இதன் முதல் விளைவு ஒரு வசதி. அதே ஊடகத்தில், அதே தட்டில் வளர்க்கப்படும் எலிக் கருக்கோளம் (பதியும் பருவத்தில் உள்ள, உள்ளே குழிவான பந்து வடிவக் கரு) ஒரு சிறந்த எதிர்மறைக் கட்டுப்பாடாகப் பயன்படும். அது ஒட்டிப் பரவுகிறது, ஊடகத்தை உயிருள்ள செல்கள் மாற்றுவதுபோலவே மாற்றுகிறது, ஆனால் சி.ஜி. சுரப்பதில்லை. எலிக் கரு வைத்த குழியில் எண் ஏதாவது வந்தால் அது உங்கள் முறையின் பிழையே.

இரண்டாவது விளைவு ஒரு பொறி. ஆல்ஃபா துணையலகு 92 அமினோ அமிலங்கள் கொண்டது. அது பிட்யூட்டரி சுரக்கும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., டி.எஸ்.ஹெச். ஆகிய மூன்று ஹார்மோன்களுக்கும் சி.ஜி.க்கும் பொது. தனித்தன்மை முழுவதும் பீட்டாவில்தான் உள்ளது. மனிதரின் சி.ஜி. பீட்டா 145 அமினோ அமிலங்கள் நீளமுடையது. அதன் வால்பகுதியில் எல்.ஹெச். பீட்டாவில் இல்லாத ஒரு நீட்சி இருக்கிறது. ஹெச்.சி.ஜி.யை மட்டும் அடையாளம் காணப் பல எதிர்ப்பொருள்கள் இந்த வால்பகுதியைக் குறிவைக்கின்றன. அந்த வால்பகுதி இனத்துக்கு இனம் வேறுபடுவதால், மனிதருக்காகச் செய்யப்பட்ட அளவீட்டுப் பெட்டி (கிட்) மக்காக் குரங்கின் சி.ஜி.யை மிகக் குறைவாகவே காணும், அல்லது காணாமலே போகும். மக்காக்குகளில் ஒன்றான ரீசஸ் குரங்கின் கருக்கள் நன்றாக ஒட்டிப் பரவியிருந்தும் ‘சுரப்பே இல்லை’ என்று முடிவெழுதப்பட்ட குறிப்பேடுகளை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் அனைவரும் ஹெச்.சி.ஜி. கிட்டையே பயன்படுத்தியிருந்தார்கள்.

மக்காக்குகளுக்கு நம்பகமான வழிகள் இரண்டு. ஒன்று, உயிரியல் செயல்பாட்டை அளக்கும் எலி லேடிக் செல் சோதனை. இதில் மாதிரியை எலியின் விந்தகத்திலிருந்து எடுத்த லேடிக் செல்களோடு வைத்து, அவை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை அளக்கிறோம். எல்.ஹெச். ஏற்பியைத் தூண்டும் எந்தப் பொருளும் இதில் பதிவாகும். கருவை மட்டும் கொண்ட ஊடகத்தில் பிட்யூட்டரி இல்லாததால், அப்பொருள் சி.ஜி.யாகவே இருக்க வேண்டும். மற்றொன்று, மாட்டின் எல்.ஹெச்.க்கு எதிராக உருவாக்கப்பட்டு, பல இனங்களின் எல்.ஹெச்., சி.ஜி. இரண்டையும் அடையாளம் காணும் 518பி7 போன்ற எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவது. இரத்தத்தில் பெரும் குறையாக இருக்கும் அந்தப் பொதுத்தன்மை வளர்ப்பு ஊடகத்தில் குறையாவதில்லை.

மார்மோசெட் குரங்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அதன் பிட்யூட்டரி எல்.ஹெச்.க்குப் பதிலாக சி.ஜி.யையே சுரக்கிறது. ஆகவே தாயின் இரத்தத்தில் காணும் சி.ஜி. கருவுடையதா பிட்யூட்டரியுடையதா என்று ஹார்மோனின் அடையாளத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஊடகத்தில் இந்தக் குழப்பம் இல்லை.

மனிதக் கருவுக்கு வருவோம். இங்கே கேள்வி ‘எந்த வடிவம்’ என்பது. சில கிட்டுகள் இரு துணையலகுகளும் சேர்ந்த முழு மூலக்கூறை மட்டும் அளக்கும். சில, தனித்த பீட்டாவையும் சேர்த்து மொத்த பீட்டாவை அளக்கும். பதியும் நாட்களில் அதிகமாகச் சுரக்கப்படுவதோ கூடுதல் சர்க்கரைக் கிளைகள் கொண்ட ஹைப்பர்கிளைகோசிலேட்டட் வடிவம். அதைத் தனியே அடையாளம் காண பி152 என்ற எதிர்ப்பொருள் பயன்படுகிறது. உங்கள் கிட் இந்த வடிவத்தை முழுமையாக அளக்கிறதா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். குறிப்பிடப்படவில்லை என்றால் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். தொடக்க நாட்களின் சுரப்பை அளக்கும் வேலையில், தொடக்க நாட்களின் வடிவத்தைக் குறைத்துக் காட்டும் கிட் முழுச் சோதனையையும் சாய்த்துவிடும்.

அளவுத்திட்டமாக, உலக சுகாதார நிறுவனத்தின் ஹெச்.சி.ஜி. சர்வதேச நியமப்பொருளுக்கு ஒப்பிடப்பட்ட கிட்டையே வாங்குங்கள். ஐந்தாவது நியமப்பொருளின் குறியீடு 07/364. குரங்கின் மாதிரிக்கு அந்த அலகில் எண் சொன்னால், அது ஒப்பீட்டு எண் மட்டுமே என்பதை அட்டவணையின் கீழேயே எழுதுங்கள்.

3. ஊடகத்தை முதலில் அளந்து பாருங்கள்

கிட் வந்ததும் நேராகக் கருவுக்குச் செல்ல வேண்டாம். கிட்டின் அளவீட்டு வளைவு அதனுடன் வரும் கரைசலில் வரையப்பட்டது. உங்கள் மாதிரி இருப்பதோ சீரமும் வைட்டமின்களும் நிறைந்த வேறொரு கரைசலில். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

முதலில், கரு இல்லாத ஊடகத்தை உங்கள் சோதனை நடக்கும் அதே நாட்களுக்கு இன்குபேட்டரில் வைத்து, குறைந்தது பத்து முறை அளந்து, அவற்றின் சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டுங்கள். அதுவே உங்கள் கண்டறியும் எல்லை. கிட்டின் பெட்டியில் அச்சிட்ட எல்லையை ஆய்வறிக்கையில் எழுதுவது தவறு.

அடுத்து, தெரிந்த அளவு ஹெச்.சி.ஜி.யை ஊடகத்தில் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் வந்தால் தொடரலாம். பின்னர், செறிவான மாதிரி ஒன்றைப் படிப்படியாக நீர்த்து, அளவீட்டு வளைவுக்கு இணையாக எண்கள் இறங்குகின்றனவா என்று பாருங்கள். இந்தப் பயிற்சிக்குக் கரு தேவையில்லை. பியூவோ, ஜெக்-3 ஆகிய கோரியோகார்சினோமா (நஞ்சுக்கொடிச் செல்களின் புற்று) செல்வரிசைகள் ஹெச்.சி.ஜி. சுரப்பவை. பியூவோ செல்களுக்கு ஃபோர்ஸ்கோலின் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று இணைந்து அதிகமாகச் சுரக்கும். குறைந்த அளவுக்கும் உயர்ந்த அளவுக்கும் மாதிரிகள் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும்.

இங்கே எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஒரு பொருளைச் சொல்லியே ஆக வேண்டும்: பயோட்டின். பல தானியங்கிக் கருவிகளின் சோதனைகள் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பைக் கொண்டே இயங்குகின்றன. மாதிரியில் தனித்த பயோட்டின் மிகுந்திருந்தால், ஹார்மோனை இரு எதிர்ப்பொருள்களுக்கு இடையில் பிடிக்கும் சாண்ட்விச் வகைச் சோதனையில் எண் பொய்யாகக் குறையும். ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது, அதாவது மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம். டி.எம்.இ.எம்.–எஃப்12 கலவையில் அது பன்மடங்கு குறைவு. கலந்து மீட்கும் சோதனையை உங்கள் சொந்த ஊடகத்தில் செய்திருந்தால் இந்தப் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

4. ஊடகத்தில் ஏற்கெனவே என்ன ஹார்மோன் இருக்கிறது என்று எழுதுங்கள்

கருக்கோளத்தைத் தட்டில் ஒட்டச் செய்து மேலும் வளர்க்க இன்று பரவலாகப் பயன்படுபவை ஐ.வி.சி.1, ஐ.வி.சி.2 என்ற ஊடகங்கள். முதலாவதில் 20 விழுக்காடு மாட்டுக் கருச் சீரம் உண்டு, இரண்டாவதில் அதற்குப் பதிலாக 30 விழுக்காடு சீர மாற்று உண்டு. இரண்டிலுமே எஸ்ட்ரடையாலும், மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் புரோஜெஸ்டிரோனும் சேர்க்கப்படுகின்றன. இவற்றைச் சேர்த்துவிட்டு, அதே ஊடகத்தில் ‘கரு சுரந்த புரோஜெஸ்டிரோனை’ அளந்து ஆய்வுக்கூட்டத்தில் விளக்கியவர்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்துவிட்டேன். இவை போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களும் உங்கள் கேள்வியில் இருந்தால், அவை சேர்க்கப்படாத ஊடகமும், கரித்தூளால் ஸ்டீராய்டு நீக்கிய சீரமும் தேவை.

ஊடகத்தின் மேல் எண்ணெய்ப் படலம் இடுவதா என்பதும் இதைச் சார்ந்ததே. சி.ஜி. ஏறத்தாழ 37,000 டால்டன் எடையுள்ள, நீரில் கரையும் கிளைகோபுரதம். எண்ணெய்க்குள் செல்லாது. புரோஜெஸ்டிரோனும் எஸ்ட்ரடையாலும் எளிதாக எண்ணெய்க்குள் சென்றுவிடும். சி.ஜி. மட்டும் போதும் என்றால் எண்ணெய் இடலாம். எண்ணெய் இல்லாமல் வளர்த்தால் ஆவியாதலைக் கவனியுங்கள். கன அளவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் செறிவு அதற்கேற்ப ஏறும், அதைச் சுரப்பு என்று எண்ணிவிடக்கூடும். எனவே தட்டின் ஓரக்குழிகளில் வெறும் நீர் ஊற்றி வையுங்கள்.

சீரத்தின் ஒரே தொகுதியைச் சோதனை முடியும்வரைக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

5. நாளை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுங்கள்

கருவுறுதல் நடந்த நாளை பூச்சியம் என்று எண்ணுவது ஆய்வக வழக்கம். எல்.ஹெச். எழுச்சியிலிருந்து எண்ணுவோரும் உண்டு. அதில் கருமுட்டை வெளிப்பாடு எழுச்சி தொடங்கிச் சுமார் 36 மணிநேரம் கழித்தே வரும். மருத்துவமனைகள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகின்றன, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாக. குரங்குகளைப் பற்றிய பழைய ஆய்வுகளில் ‘கருக்காலத்தின் நாள்’ என்று இருந்தால், அது எதிலிருந்து எண்ணப்பட்டது என்று பார்க்காமல் அந்த எண்ணை எடுத்தாள வேண்டாம்.

இனங்களின் காலக்கணக்கும் வேறு. மனிதக் கரு கருவுற்ற ஆறாம் ஏழாம் நாளிலும், ரீசஸ் கரு சுமார் ஒன்பதாம் நாளிலும், மார்மோசெட் கரு 11 அல்லது 12ஆம் நாளிலும் கருப்பையில் ஒட்டத் தொடங்குகின்றன. மனிதக் கருவின் ‘எட்டாம் நாள்’ முடிவை ரீசஸ் கருவின் எட்டாம் நாளோடு ஒப்பிடுவது, ஒட்டிய கருவை ஒட்டாத கருவோடு ஒப்பிடுவதாகும்.

நாள் எண்ணிக்கைக்குச் சட்டப்பூர்வமான எடையும் உண்டு. மனிதக் கருவைக் கருவுற்றதிலிருந்து 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகப் பல நாடுகளில் நிலவும் விதி. சர்வதேச ஸ்டெம்செல் ஆய்வுச் சங்கம் 2021இல் தன் வழிகாட்டுதலைத் தளர்த்தியபோதிலும், உங்கள் நாட்டுச் சட்டமும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமுமே உங்களைக் கட்டுப்படுத்தும். கருவைத் தந்தவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இந்தப் பயன்பாட்டுக்கே பெறப்பட்டதா என்பதையும் பாருங்கள். இவை கையில் இல்லாமல் அடுத்த படிக்குச் செல்லவே கூடாது.

6. கருவைத் தட்டில் இறக்குதல்

கருமுட்டையை எடுப்பதற்குச் சுமார் 36 மணிநேரம் முன்னதாக அதை முதிரச் செய்ய ஹெச்.சி.ஜி. ஊசி போடப்பட்டிருந்தால், அந்த ஹார்மோன் நுண்ணறைத் திரவத்தோடும் முட்டையைச் சூழ்ந்த குமுலஸ் செல்களோடும் ஒட்டிக்கொண்டு தட்டுக்குள் வந்துவிடும். இரண்டாம் மூன்றாம் நாள் ஊடகத்தில் காணும் ‘முன்கூட்டிய சுரப்பு’ பெரும்பாலும் இந்த ஊசி மருந்தே. ஆகவே குமுலஸ் செல்களை முழுவதும் நீக்கி, புதிய ஊடகத் துளிகளில் பலமுறை கழுவி, கடைசிக் கழுவல் துளியையும் ஒரு மாதிரியாகச் சேமித்து அளங்கள். அது வெறுமையாக இருந்தால்தான் அடுத்துவரும் எண் கருவுடையது என்று சொல்லலாம். எஞ்சிய குமுலஸ் செல்கள் புரோஜெஸ்டிரோனையும் சுரக்கும் என்பது அவற்றை நீக்குவதற்கு இன்னொரு காரணம்.

கருக்கோளம் தன்னைச் சூழ்ந்த உறையான சோனா பெலூசிடாவிலிருந்து தானாக வெளிவரும்வரை காத்திருப்பதா, அமிலக் கரைசலால் சோனாவை நீக்குவதா என்பதை எல்லாக் கருக்களுக்கும் ஒரே மாதிரி முடிவு செய்யுங்கள். சோனாவை நீக்கினால் கருக்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒட்டத் தொடங்கும். நீக்காவிட்டால் வெளிவரும் நேரம் கருவுக்குக் கரு வேறுபடும், அந்த வேறுபாடு சி.ஜி. தொடங்கும் நேரத்திலும் அப்படியே எதிரொலிக்கும். இரண்டுமே ஏற்கத்தக்கவை, கலப்பதுதான் தவறு.

ஒரு குழியில் ஒரே ஒரு கரு. இடம் மிச்சப்படுத்த இரண்டை வைத்தால், ஒன்று சுரந்து மற்றொன்று சுரக்காத நிலையை ஒருபோதும் பிரித்தறிய முடியாது.

இறக்கிய பிறகு, கரு ஒட்டும்வரை தட்டை அசைக்க வேண்டாம். இந்த நேரத்தில் மாதிரி எடுக்கும் ஆவலில் பிப்பெட்டை இறக்கியவர்கள் பாதி ஒட்டிய கருவை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இறக்குவதற்குச் சற்று முன் ஒரு மாதிரி, உறுதியாக ஒட்டியதை நுண்ணோக்கியில் பார்த்தபின் அடுத்த மாதிரி. இடையில் எதுவும் வேண்டாம்.

7. மாதிரி எடுத்தலும் கணக்கிடுதலும்

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுங்கள், எடுத்த நேரத்தை நிமிடத்தோடு குறியுங்கள். முழு ஊடகத்தையும் மாற்றினால் கணக்கு எளிது, ஆனால் ஒட்டிய கரு அதிர்ச்சிக்கு உள்ளாகும். பாதியை மாற்றுவதே கருவுக்கு நல்லது. அப்படிச் செய்தால் முந்தைய நாளின் மிச்சத்தைக் கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, குழியில் 0.5 மில்லிலிட்டர் ஊடகம் உள்ளது என்று கொள்வோம். முதல் நாள் செறிவு மில்லிலிட்டருக்கு 4 மில்லி அலகு. அதில் பாதியை எடுத்துவிட்டுப் புதிய ஊடகம் ஊற்றுகிறோம். குழியில் எஞ்சியது 0.25 மில்லிலிட்டரில் இருந்த 1 மில்லி அலகு. 24 மணிநேரம் கழித்துச் செறிவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு, அதாவது குழியில் மொத்தம் 5 மில்லி அலகு. எனவே அந்த நாளில் கரு சுரந்தது 5இலிருந்து 1 கழித்தால் 4 மில்லி அலகு. செறிவுகளை மட்டும் கழிப்பவர், 10இலிருந்து 4 போக 6, அதை 0.5ஆல் பெருக்கினால் 3 என்று எழுதுவார். நான்கில் ஒரு பங்கு சுரப்பு அங்கேயே தொலைந்துவிடும்.

முடிவைச் செறிவாக எழுதாமல், ஒரு கரு ஒரு நாளில் சுரந்த அளவாக எழுதுங்கள். 50 மைக்ரோலிட்டர் துளியில் வளர்க்கும் ஆய்வகத்தின் செறிவை, 500 மைக்ரோலிட்டர் குழியில் வளர்க்கும் ஆய்வகத்தின் செறிவோடு ஒப்பிட முடியாது. சுரப்பு ஒன்றேயானாலும் பத்து மடங்கு வேறுபாடு தெரியும்.

இதிலிருந்து கிளைக்கும் ஒரு உண்மையை நான் ஒவ்வொரு புதியவரிடமும் கணக்குப் போட்டே காட்டுகிறேன். தொடக்கத்தில் சி.ஜி. இரட்டித்து இரட்டித்து ஏறுகிறது. பத்து மடங்கு என்பது ஏறத்தாழ 3.3 இரட்டிப்பு. இரட்டிக்க ஒரு நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மடங்கு நுட்பமான கிட், அல்லது பத்தில் ஒரு பங்கு கன அளவு, அதே கருவின் ‘சுரப்புத் தொடக்கத்தை’ மூன்று நாட்களுக்கும் மேலாக முன்னே நகர்த்திக் காட்டும். கருவில் எதுவும் மாறியிருக்காது. ஆகவே தொடங்கிய நாளை எழுதும்போதெல்லாம் கண்டறியும் எல்லையையும் கன அளவையும் அதே வரியில் எழுதுங்கள். நாளுக்கு ஒருமுறை மாதிரி எடுப்பவர், ‘எட்டாம் நாளில் தொடங்கியது’ என்று எழுதாமல், ‘ஏழாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் எல்லையைத் தாண்டியது’ என்று எழுதுவதே சரி.

8. ஒவ்வொரு மாதிரியோடும் கருவின் நிலையைப் பதிவு செய்யுங்கள்

சி.ஜி. பெருமளவில் வருவது செல்கள் ஒன்றாக இணைந்து பல உட்கருக்களோடு விளங்கும் சின்சிடியோடிரோஃபோபிளாஸ்டிலிருந்து. ரீசஸ் கருவைப் பற்றிய ஆய்வுகளிலும், கரு சோனாவிலிருந்து வெளிவந்து ஒட்டிய பிறகே சி.ஜி. தெளிவாகத் தென்பட்டது. ஆகவே நாளைவிட நிலையே எண்ணை நன்றாக விளக்கும். சோனாவுக்குள், வெளிவந்தது, ஒட்டியது, பரவியது என்ற நான்கில் எது என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் எழுதி, படமும் எடுத்து, பரவிய பரப்பை அளந்து வையுங்கள்.

சோதனை முடிந்ததும் கருவை நிலைப்படுத்தி, சி.ஜி. பீட்டாவுக்கும், பின்னர் உடலாக வளரும் உள்செல் திரளின் வழிவந்த செல்களைக் காட்டும் ஓ.சி.டி.4 புரதத்துக்கும் நிறமேற்றுங்கள். கடைசி நாளின் எண் எந்தச் செல்களிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்று இல்லை.

9. சேமித்தலும் அளத்தலும்

மாதிரியை உடனே குளிரில் வைத்து, சுழற்றிச் செல் துணுக்குகளை நீக்கி, புரதம் ஒட்டாத குழாய்களில் சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 பாகையில் உறைய வையுங்கள். ஒரு பங்கை ஒரே முறைதான் உருக்க வேண்டும். ஒரே கருவின் எல்லா நாட்களும் ஒரே எலைசா தட்டில் (எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் தட்டு) அளக்கப்பட வேண்டும். தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாடு, நாளுக்கு நாள் வரும் ஏற்றத்தைப்போலவே தோற்றமளிக்கும். வெற்று ஊடகம், கழுவல் துளி, எலிக் கரு ஆகிய மூன்றும் ஒவ்வொரு தட்டிலும் இடம்பெற வேண்டும்.

10. ஜி.என்.ஆர்.ஹெச். ஹார்மோனையும் அளக்க விரும்பினால்

ஜி.என்.ஆர்.ஹெச். என்பது பிட்யூட்டரியைத் தூண்டி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். சுரக்கச் செய்யும் ஹார்மோன். ரீசஸ் கருவில் அது சோனாவிலிருந்து வெளிவரும் முன்பே ஊடகத்தில் கண்டறியப்பட்டது, சி.ஜி. அதற்குப் பின்னரே வந்தது. இந்த முன்பின் வரிசையே இதை அளக்கத் தூண்டுகிறது. ஆனால் அது பத்து அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட பெப்டைடு, நொதிகளால் விரைவில் சிதையும். சி.ஜி.க்காக எடுத்து வைத்த பழைய மாதிரியில் அதைத் தேடினால் கிடைக்காமல் போக வாய்ப்பு மிகுதி. தொடக்கத்திலேயே தனிப் பங்கு ஒதுக்கி, பெப்டைடு சிதைப்பைத் தடுக்கும் பொருள் இட்ட குளிர்ந்த குழாயில் எடுத்து, உடனே உறைய வையுங்கள். இரண்டு ஹார்மோன்களின் தொடக்கத்தையும் ஒப்பிடும்போது, இரு சோதனைகளின் கண்டறியும் எல்லைகளும் வேறு என்பதை ஏழாம் படியில் சொன்ன கணக்கோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

11. எண்களைப் படித்தல்

எல்லைக்குக் கீழே உள்ள எண்ணைப் பூச்சியம் என்று எழுத வேண்டாம், ‘எல்லைக்குக் கீழ்’ என்றே எழுதுங்கள். ஏறும் வளைவை மடக்கை அளவுத்திட்டத்தில் வரையுங்கள். அப்போது நேர்கோட்டின் சாய்வு இரட்டிக்கும் நேரத்தைத் தரும், கோடு வளையத் தொடங்கும் இடம் கரு தளர்வதைக் காட்டும்.

தட்டின் அளவை இரத்த அளவோடு ஒப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். இரத்தத்தில் சுரப்பும் நீக்கமும் ஒருங்கே நடக்கின்றன, ஹெச்.சி.ஜி. அங்கிருந்து ஒரு நாளை ஒட்டிய அரைவாழ்வோடு மெதுவாக நீங்குகிறது. தட்டில் நீக்கம் என்பதே கிடையாது, நீங்கள் எடுப்பது மட்டும்தான். இரட்டிக்கும் நேரங்கள் தற்செயலாக ஒத்திருந்தாலும் அவை ஒரே பொருளைச் சொல்லவில்லை.

சுரப்பு உயர்ந்த கரு நல்ல கரு என்ற முடிவுக்கும் தாவ வேண்டாம். சி.ஜி., கருவின் வெளிப்புறச் செல் அடுக்கான டிரோஃபோபிளாஸ்டின் ஹார்மோன். உள்செல் திரள் சிதைந்துபோன பின்னும், சுற்றியுள்ள டிரோஃபோபிளாஸ்ட் பரவிச் சுரந்துகொண்டே இருக்க முடியும். நான் கண்ட மிக அழகான ஏறுவளைவுகளில் ஒன்று, நிறமேற்றிப் பார்த்தபோது ஓ.சி.டி.4 கொண்ட ஒரு செல்கூட இல்லாத கருவுடையதாக இருந்தது. எட்டாம் படியின் படமும் நிறமேற்றமும் இருந்ததால்தான் அந்த வளைவைச் சரியான தலைப்பின் கீழ் வைக்க முடிந்தது.

மாறாக, ஒட்டிப் பரவிய கரு ஒன்று எதையும் சுரக்காததுபோலத் தெரிந்தால், கருவைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த வரிசையில் சரிபாருங்கள்: அதே தட்டில் கலந்து மீட்ட மாதிரி சரியாக வந்ததா, கிட் இந்த இனத்தின் சி.ஜி.யைக் காண்கிறதா, ஊடகத்தில் பயோட்டின் எவ்வளவு, மாதிரி எத்தனை முறை உருக்கப்பட்டது. இவை நான்கும் சரியாக இருந்து, நிறமேற்றத்தில் சின்சிடியோடிரோஃபோபிளாஸ்டும் இல்லை என்றால், ‘இந்தக் கரு சுரக்கவில்லை’ என்று எழுதலாம்.